வேர்க்கட்டைச் சுங்கான்

வீடு கட்ட மணல் வந்து இறங்கினால் அவர் முதலில் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் லொறிக்காரனைப் பார்த்து, "இதைக் கொண்டுபோய்க் கடலுக்கே திருப்பிக் குடு தம்பி, அது தேடிக்கொண்டு நிக்கும்" என்பார். ஆற்று மணல்தான் என்று லொறிக்காரன் தலையில் அடித்துச் சொல்வான். அவர் அசைய மாட்டார். "நீயும் சொல்லுறாய், மணலும் சொல்லுது. மணலுக்கு என்னட்டக் கூலி வாங்கிற தேவை இல்லை."

யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அது பாதிதான். மீதியை வாயில் வைத்துப் பார்த்த பிறகே நம்புவார். கருவாடு, நெல், சுண்ணாம்பு, கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். போர் முடிந்து அவர் தன் வளவுக்குத் திரும்பி வருகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் பயந்தது அந்த நாக்குக்குத்தான். ஏனென்றால் அவருடைய நல்லதண்ணிக் கிணறு அப்போது என் வேலிக்குள் இருந்தது.

மன்னார்ப் பட்டினத்தின் விளிம்பில், உப்புக்குளம் தாண்டிப் போகும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வளவுகள் அடுத்தடுத்து இருந்தன. அவர் எருக்கலம்பிட்டியில் பெண்ணெடுத்தவர், கருவாட்டு வியாபாரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் அவருக்கு நான் மாஸ்டர். அவருடைய பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

இளவயதில் அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தார். துறைமுகங்களிலிருந்து அவர் கொண்டுவந்தது சுங்கான்களை மட்டுந்தான். எங்கள் ஊரில் சுருட்டுக் குடிப்பவர்கள் ஏராளம். சுங்கானில் புகையிலை அடைத்து, அதைப் பெருவிரலால் அமத்தி, நெருப்பு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் மனிதர் அவர் ஒருவர்தான். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அவற்றைத் துணி சுற்றி வைத்திருப்பார். மண்ணில் ஒன்று, பித்தளையில் ஒன்று, கடல்நுரை போன்ற வெள்ளைக் கல்லில் ஒன்று, ஏதோ ஒரு தேசத்துப் புதரின் வேர்க்கட்டையில் குடைந்த ஒன்று.

"எல்லாத்திலயும் அதே பொயிலைதானே காக்கா, இதில என்ன வித்தியாசம்?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"மாஸ்டர், உங்கட வீட்டில புளி விட்ட மீன்கறியை எந்தச் சட்டியில வைக்கிறவ?"

"மண்சட்டியில."

"அதை அலுமினியச் சட்டியில வைக்கச் சொல்லிப்போட்டு ஒருநாள் திண்டு பாருங்கோ. பிறகு வந்து கதைப்பம்."

பிறகு அவரே விளக்கினார். மண் சுங்கான் புகையின் ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் புகையிலையின் ருசி காய்ந்து, சுத்தமாக, கூட்டாமல் குறைக்காமல் வரும். ஆனால் கையைச் சுடும். பித்தளை உடனே கொதிக்கும். புகை வியர்த்து அடியில் தண்ணீராகி நாக்கை எரிக்கும். கரண்டியை நக்கியது போல ஒரு கைப்பு கடைசிவரை நிற்கும். வெள்ளைக் கல்லில் புகை ஆறுதலாக வரும். அது தன்னுடையது என்று எதையும் சேர்க்காது. மரந்தான் சேர்க்கும். புதிதில் மரத்தின் பச்சை வாசமும் சேர்ந்து வரும். குடிக்கக் குடிக்க உட்சுவரில் கரி படிந்து, குடித்த புகையிலை எல்லாம் அதில் ஊறி, கடைசியில் அந்தச் சுங்கானுக்கென்று ஒரு ருசி வந்துவிடும்.

"மண்ணை அடுப்புக்குள்ள போட்டெடுத்தா வெள்ளை வெளேரெண்டு வரும். ஆர் குடிச்சது, என்ன குடிச்சது எண்டு அதுக்கு ஞாபகம் இராது. மரம் அப்படியில்லை. அது ஒருத்தன்ர வாய்க்குத்தான் பழகும்."

இதையெல்லாம் அவர் அடக்கமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். பெரிய கர்வக்காரர். சிரட்டையில், சங்கில், பனங்கட்டையில் எல்லாம் தானே சுங்கான் குடைந்து பார்ப்பார். சிரட்டைச் சுங்கான் தேங்காயெண்ணெய் தீய்ந்த வாசத்தோடு ஒரு கிழமை எங்கள் வேலிக்கு மேலால் வந்தது. பனங்கட்டை அவர் வாயில் இருக்கும்போதே தீப்பிடித்தது. "தாடியைப் பாருங்கோ காக்கா" என்று நான் கத்தினேன்.

சந்தையடித் தேநீர்க்கடையில் ஒருநாள் அவருடைய கண்ணைத் துவாயால் கட்டி, சுங்கான்களை மாற்றி மாற்றி வாயில் வைத்தார்கள். கையால் தொடக்கூடாது என்பது நிபந்தனை. பித்தளை, மரம், வெள்ளைக் கல் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் சொன்னார். கடைசியாகச் சங்குச் சுங்கானை வைத்தார்கள். நெடுநேரம் இழுத்துவிட்டு "மண்" என்றார். கடையே கூவிச் சிரித்தது. துவாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சுண்ணாம்புக் குடும்பம், சொந்தக்காரர்" என்று சமாளித்தார். ஆனால் அன்றிலிருந்து ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அவர் பிழைவிட்டதைக் கண்டு அன்றைக்கு எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. பின்னாளில், அவர் திரும்பி வந்தபோது, அந்த ஒரு பிழையைத்தான் நான் நம்பியிருந்தேன். இன்னொரு தடவையும் அவர் பிழைவிடக்கூடும் அல்லவா?

முஸ்லிம் சனங்கள் எல்லோரும் மன்னார்த் தீவைவிட்டுப் போகவேண்டும் என்று துவக்கோடு வந்த இயக்கத்தினர் அறிவித்த, தொண்ணூறாம் ஆண்டின் அந்த ஒக்டோபரில், அவர் அந்த டின்னை வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினார். மனைவியும் பிள்ளைகளும் ஒழுங்கையில் நின்றார்கள். கையில் ஆளுக்கொரு பை.

"வச்சிருங்கோ மாஸ்டர். கொண்டுபோனா வழியில பறிப்பாங்கள். ஆசை வந்தா மண்ணில குடியுங்கோ, வெள்ளையில குடியுங்கோ. மரத்தை மட்டும் தொடவேண்டாம்."

"வந்திருவீங்கள் காக்கா, நாலு நாளில."

வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கிணற்றைப் பற்றியும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்குமென்று அவருக்குத் தோன்றியிருக்காது.

நாங்களும் கொஞ்சக்காலம் மடுக்கோயில் அகதி முகாமில் இருந்துவிட்டுத்தான் திரும்பினோம். அவருடைய வீட்டில் கதவும் நிலையும் ஓடும் போயிருந்தன. அவற்றை நான் எடுக்கவில்லை. எங்கள் வளவுக் கிணறு சவர்த் தண்ணீர், உடுப்புத் துவைக்கக்கூட நுரை வராது. அவருடையது நல்லதண்ணி, பால் விடாத பிளேன்ரிக்குச் சீனி குறைவாகப் போடலாம் என்று மனைவி சொல்வாள். முதலில் வேலியில் ஒரு பொட்டு வைத்தோம், குனிந்து போய் வருகிற அளவு வழி. வாளி கொண்டுபோக அது சிறிதாக இருந்ததால் அகலமாக்கினோம். வேலி உக்கிய வருடம் புதிதாக அடைத்தபோது கதியால்களைக் கொஞ்சம் தள்ளி நட்டேன். அடுத்த அடைப்பில் இன்னும் கொஞ்சம். எங்கள் நாட்டில் காணி பிடிப்பவன் பெரிய சண்டை எதுவும் பிடிப்பதில்லை, வருடாவருடம் ஒழுங்காக வேலி அடைத்தால் போதும். யுத்தம் முடிந்தபோது கிணறு முழுவதும் எங்கள் பக்கம் இருந்தது. மூத்த மகளுக்கு அந்தத் துண்டைச் சீதனமாகக் கொடுப்பதாகவும் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வீட்டை அரைக்கண்ணால்தான் பார்த்தார்கள். கிணற்றில்தான் அள்ளிக் குடித்துப் பார்த்தார்கள்.

சுங்கான் விஷயத்திலும் சொன்னதைக் காப்பாற்றவில்லை. பாதைகள் பூட்டியிருந்த காலத்தில் ஒழுங்கான புகையிலை கிடைக்காது. கிடைத்த தூளோடு காய்ந்த பப்பாசி இலையைக் கசக்கிப் போட்டு, பல்லுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு கராம்பும் இடித்துச் சேர்த்து, மண் சுங்கானில் குடித்தேன். அது அத்தனை கேவலத்தையும் ஒளிக்காமல் வாய்க்குள் கொண்டுவந்தது. வேர்க்கட்டையில் அதே குப்பை கொஞ்சம் இனித்தது. அதன் பிறகு வருடக்கணக்காக அதில்தான் குடித்தேன்.

அவர் புத்தளத்து அகதி முகாமை விட்டு வெளிக்கிட்டுவிட்டார், மகளும் மருமகனும் முன்னமே வந்து தகரக் கொட்டில் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் டின்னைத் திறந்தேன். மண்ணை அடுப்பில் போட்டேன், புதிதுபோல வந்தது. மரத்தை என்ன செய்வது? எப்போதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்தது ஞாபகம் வந்தது: கிண்ணத்தில் உப்பை நிரப்பி மதுசாரம் ஊற்றி வைத்தால் பழைய வாசத்தை உப்பு இழுத்துவிடும். கரியைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். உப்புப் போட்டேன். மதுசாரத்துக்குத் தவறணையில் வாங்கிய சாராயத்தை ஊற்றினேன். படித்தவன் கெட்டித்தனமாகக் காரியம் பார்ப்பதாக எனக்கு நினைப்பு. அது யாருடைய வாய்க்குப் போகப்போகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. கப்பலில் திரிந்த காலத்திலும் ஒரு துளி தொடாத, ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் அவர்.

என் மனைவி அதைக் காயவைக்கும்போது பார்த்தாள். "குடுக்காதேங்கோ. துலைஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ. அந்த மனுசன் வாயில வச்சாக் கண்டுபிடிச்சிடும்."

"துலைஞ்சதெண்டா எல்லாத்தையும் சந்தேகிப்பார். இதைச் சரியாக் குடுத்தா மாஸ்டர் எதையும் தொடயில்லை எண்டு நம்புவார்."

"எதையும் எண்டா?"

அவள் கிணற்றைப் பார்த்தாள்.

ஒரு பின்னேரம் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. முற்றத்தில் கதிரை போட்டேன். வேலியின் புது வரியை அவர் பார்த்தார், பார்த்தது எனக்குத் தெரியும், ஆனால் கண் அங்கே நிற்கவில்லை. முகாமில் சோளப்பொத்தியில் சுங்கான் செய்து குடித்த கதையைச் சொன்னார். "முதல் இழுப்பு இனிக்கும், அடிக்குப் போகப்போகப் புளிச்சுப்போம். ஆனா முகாமுக்கு அதுதான் தோது மாஸ்டர். ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம். எரிஞ்சு போனாலும் அழத் தேவையில்லை."

டின்னைக் கொடுத்தேன். "நீங்கள் தந்தபடியே இருக்கு காக்கா."

அவர் மற்றவற்றைப் பிரிக்கவேயில்லை. வேர்க்கட்டையை எடுத்தார். மடியிலிருந்த பையிலிருந்து புகையிலையை அடைத்தார். அவசரமே இல்லை. அவர் நெருப்புக்குச்சி கிழித்தபோது என் மனைவி தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முதல் இழுப்பில் கண்ணைத் திறந்தார்.

"கராம்பு."

"பூச்சி வராமல் டின்னுக்குள்ள போட்டு வச்சனாங்கள்" என்றேன். வாய் எவ்வளவு வேகமாகப் பொய் சொன்னது என்று எனக்கே அதிசயமாக இருந்தது.

"ம்" என்றார். மறுபடி இழுத்தார். கிண்ணம் சூடேறியது. மரத்துக்குள் ஊறியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அவருடைய முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பாட்டில் கல் கடித்த பிள்ளை போல முழித்தார். எழும்பி வேலி ஓரம் போய்த் துப்பினார்.

"மாஸ்டர், வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களா?"

தண்ணீர் கேட்டால் எந்தக் கிணற்றில் அள்ளுவது? எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் ஒன்றுதான். மனைவி செம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். செம்பில் கடைசியாக இருந்த ஒரு வாய்த் தண்ணீரை மட்டும் துப்பாமல் விழுங்கினார்.

"தண்ணி மாறயில்லை" என்றார்.

அவர் வந்து கதிரையில் இருந்தார். "இதை ஆர் துடைச்சது?"

"நான்தான் காக்கா."

"என்னத்தால?"

"உப்பால."

"வெறும் உப்பால?"

"ஓம்."

இன்னும் ஏதாவது கேட்பார் என்று இருந்தேன். அவர் வேர்க்கட்டையைத் தட்டிச் சாம்பலைக் கொட்டி, கதிரையின் கையில் வைத்தார். டின்னை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இது இனி உங்கட வாய்க்குத்தான் பழக்கம். நீங்களே வச்சிருங்கோ. வாறன் மாஸ்டர்."

காணி எல்லை பார்க்க உத்தியோகத்தர் வந்தது அதற்குக் கொஞ்சநாள் கழித்து. அவருடைய காணி உறுதிப்பத்திரம் ஊரைவிட்டு ஓடிய ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. எல்லைக் கல்லை மணல் மூடிவிட்டதென்று எல்லோரும் நம்பினார்கள். அந்த ஒழுங்கையின் பழைய சனம் இந்தியாவிலும் கனடாவிலும் சவக்காலையிலுமாக இருந்தார்கள். முன்னர் வேலி எங்கே இருந்தது என்று சொல்லக்கூடிய ஆட்கள் இரண்டே பேர், அவரும் நானும். அவருடைய மருமகன் கொதித்துக்கொண்டு நின்றான். "கிணறு வெட்டினது எங்கட மாமான்ர வாப்பா. இந்த ஊருக்கே தெரியும்!"

"ஊரில இருக்கிற ஒருத்தரைக் காட்டுங்கோவன்" என்றார் உத்தியோகத்தர்.

கூட நின்ற ஒருவர், "மாஸ்டரை மடுக்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணட்டும், விஷயம் முடிஞ்சுது" என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். எதிராளியைச் சத்தியத்துக்கு விட்டுவிடுவார்கள், பொய்ச் சத்தியம் குடும்பத்தைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. மகளுக்குக் கலியாணம் நெருங்கியிருந்தது.

காக்காதான் மறித்தார். "சத்தியம் ஒண்டும் வேண்டாம். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். சும்மா வாயால சொல்லட்டும். மாஸ்டர் என்ன சொல்லுறாரோ அதுதான் எல்லை."

"மாமா, என்ன விசர்க்கதை இது?" என்றான் மருமகன்.

"நீ பேசாமல் இரு."

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ மாஸ்டர். கிணறு ஆர்ர பக்கம் இருந்தது?"

பிறர் சொல்லை ஒருநாளும் நம்பாத மனிதர் அன்றைக்கு என் சொல்லை ஏற்பதாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று அவருக்குத் தெரியும். வாயில் வைத்துப் பார்த்துவிட்டார். நான் உண்மை சொல்ல இடம் தருகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். பொய்தான் சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பொய் சத்தியமாகி என் மகளைப் பிடிக்காமல் காப்பாற்றுகிறார் என்று பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டில் எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எங்கட பக்கம்தான் இருந்தது" என்றேன்.

"சரி" என்றார் அவர். சாரத்தை ஒதுக்கிக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பி நடந்தார்.

அதன் பிறகு அவர்கள் பவுசர் லொறியில் வரும் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்துக் குடித்தார்கள். தங்கள் பக்கம் ஒரு கிணறு தோண்டினார்கள், சவர். காக்கா என் முற்றத்துக்கு வரவில்லை. ஒழுங்கையில் கண்டால் "மாஸ்டர், சுகமா?" என்று கேட்பார். மற்றக் கதைகள் இல்லை. வேலிக்கு மேலால் புகை மட்டும் வரும். எந்தச் சுங்கான் என்று சொல்ல எனக்கு அந்த நாக்கு இல்லை.

அவர் மௌத்தான அன்று காலை மருமகன் இரண்டு பிளாஸ்ரிக் கானோடு வந்து படலையில் நின்றான். என்னோடு பேசாதவன். "மாமாவைக் குளிப்பாட்டத் தண்ணி வேணும். எங்கட தண்ணி சவர். உங்கட கிணத்தில ரெண்டு கான் அள்ளட்டா?"

உங்கட கிணறு. அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அழுதழுது வீங்கிய முகத்தோடு உதவி கேட்டான். நானே அள்ளி நிரப்பினேன், ஒரு கானைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படலைவரை போனேன். "பெரிய உதவி" என்றான். அங்கே வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

என் மகள் இப்போது அந்தக் கிணற்றில் மோட்டர் பூட்டியிருக்கிறாள். சென்ற மாதம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப என்னத்துக்கு அப்பா இதைக் கிண்டுறீங்கள்? உங்களுக்கு வயசு போட்டுது, எனக்கெல்லோ சீவிக்க வேணும்" என்றாள். கோபத்தில் இரண்டு நாள் சாப்பாடு அனுப்பவில்லை. அவள் பிழையில்லை. களவாக எடுத்ததை நேராகக் கொடுத்தவன் நான்.

பிறகு காக்காவின் மகளிடம் போனேன். சின்னவளாக இருந்தபோது என்னிடம் கணக்குப் படித்தவள். கொட்டில் போய்க் கல்வீடு வந்திருந்தது. பவுசர்ப் பீப்பா வாசலில் அப்படியே நின்றது. இருக்கச் சொன்னாள். இருக்காமலே சொல்லி முடித்தேன்.

அவள் முன்றானையின் ஓரத்தைத் திருகினாள். "எனக்கேன் சேர் சொல்லுறீங்கள்? எனக்குத் தெரியும்தானே. நான் அந்தக் கிணத்தில குளிச்சு வளந்தவள்."

"உன்னட்டச் சொல்லாமல் வேறை ஆரிட்டச் சொல்ல, மகள்?"

"தெரியாதவைக்குச் சொல்லுங்கோ."

அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு உத்தியோகத்தர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. கிணறு காக்காவின் வாப்பா வெட்டியது. வேலி அதற்கு இப்பால், எங்கள் குசினியோடு ஒட்டி ஓடியது. எல்லைக் கல் இன்றும் அங்கே இருக்கிறது, என் மகளின் துவைகல்லுக்குக் கீழே. துவைகல்லை அதன்மேல் போட்டவன் நான்.